ரோசாவின் இடது முன்னங்கால்

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி பிடித்திருந்தார்கள். வெள்ளைக் குதிரை, தலையில் ஜிகினாக் குஞ்சம், கழுத்தில் சாமந்தி மாலை. எல்லோரும் பேண்டு வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். என் காது மட்டும் குளம்புச் சத்தத்திலேயே நின்றது. நாலு அடியில் ஓர் அடி கொஞ்சம் மெலிந்து விழுகிறதோ என்று சந்தேகம். சந்தேகம் வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஊர்வலம் ஒரு முனையில் நின்றதும் குதிரைக்குப் பக்கத்தில் போய், பட்டு வேட்டியோடு குந்தி உட்கார்ந்து, நாலு குளம்பையும் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். என் மகன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க, எழுந்திரிங்க” என்று காதோரம் கெஞ்சினான். நாலு குளம்பும் ஒரே குளிர்ச்சி. குதிரைக்கு ஒன்றுமில்லை. டிரம் அடித்தவருக்குத்தான் தாளம் சரியில்லை.

வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது கையில் குதிரை வாசனை ஒட்டியிருந்தது. வியர்வையும் கொள்ளும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. சிலரை அது மூக்கைப் பிடிக்க வைக்கும். எனக்கோ அன்று பந்தியில் கை கழுவவே மனசு வரவில்லை. (கழுவினேன், மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

அந்த வாசனை எனக்கு நெய்வேலியில் பழக்கமானது. அறுபதுகளின் தொடக்கம். இருபத்திரண்டு வயதில், மாயவரம் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து மைன்ஸில் பிட்டராகச் சேர்ந்திருந்தேன். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைப் பெரிய இயந்திரங்கள் வாரிக் கொட்டும். மைல் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட் அந்த மண்ணைச் சுமந்துபோய் ஒரு பக்கமாக மலை மலையாகக் குவிக்கும். பெல்ட்டைத் தாங்க அடியில் வரிசையாக உருளைகள். ஓர் உருளை சுற்றாமல் இறுகிப்போனால் சூடேறும். கவனிக்காமல் விட்டால் பெல்ட்டே பாழாகும். அதனால் ஷிப்டு முழுக்க அதன் ஓரமாக நடந்து, உருளையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவதுதான் எங்கள் வேலை. ஏன் புறங்கை என்று கேட்பீர்கள். உள்ளங்கை காய்ச்சுப்போய்க் கிடக்கும், அதற்குச் சூடு சுரணை குறைவு. கூடவே ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்போம். போல்ட்டுகளைத் தட்டிக்கொண்டே போனால் லொடலொடப்பது எது என்று சத்தமே சொல்லிவிடும். உடனே முடுக்கிவிட வேண்டும். முடுக்கிய பிறகும் மனசு கேட்காமல் இன்னொரு திருகு. அந்த இன்னொரு திருகுதான் எங்கள் பிரிவின் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் புத்தி டூட்டியோடு நின்றால் பரவாயில்லை. குவார்ட்டர்ஸில் கதவுக் கீல் முனகினால், ஓட்டலில் மேசை ஆடினால், எனக்குச் சோறு இறங்காது. ஒருமுறை சினிமாக் கொட்டகையில் முன்வரிசை நாற்காலி லொடலொடத்தது என்று இடைவேளையில் திருப்புளியோடு போய் நின்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

சவரிமுத்து அண்ணனுடைய ஜட்காவில் நான் முதலில் ஏறியது ரயிலடியிலிருந்து. அவர் திருவதிகையிலிருந்து வந்தவர், நாற்பது வயசிருக்கும். டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே, கம்மாபுரம் போகிற பக்கமாக, முந்திரித் தோப்பு ஓரத்தில் ஒரு மண் சுவர்க் கூரை வீட்டில் மனைவி ஆரோக்கியத்தோடு இருந்தார். பிள்ளை குட்டி இல்லை. குதிரைதான் எல்லாம். பிறப்பில் அது தூய வெள்ளை. நெய்வேலியின் செம்மண்ணுக்கு வெள்ளை என்றால் ஆகாது. எங்கள் வேட்டி, பனியன், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கிய அந்த மண் குதிரையையும் விடவில்லை. எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் வயிறும் கால்களும் ரோஜா நிறம்தான். “சரி, இதுதான் ஒன் கலரு” என்று ஆரோக்கியம் அக்கா அதற்கு ரோசா என்று பேர் வைத்துவிட்டார்.

ஜட்கா சவாரி ஒரு கலை. வண்டியில் புல்லும் மேலே சாக்கும் பரப்பியிருக்கும். பாரம் சரியாக அமையும் வரை, “முன்னால வாங்க, கொஞ்சம் பின்னால போங்க” என்று சவரிமுத்து அண்ணன் நம்மைப் பொட்டலம் மாதிரி நகர்த்திக்கொண்டே இருப்பார். பாரம் முழுக்க ரோசாவின் முதுகில் விழவும் கூடாது, பின்பக்கம் சாய்ந்து அதைத் தூக்கிவிடவும் கூடாது. நைட் ஷிப்டு முடிந்து நானும் என்னோடு வேலை செய்த மாடசாமியும் தினமும் அந்த வண்டியில்தான் குவார்ட்டர்ஸுக்கு வருவோம். மாடசாமி திருநெல்வேலிக்காரன். ஏறியதும் தூங்கிவிடுவான். அவனை நகர்த்துவது என் பொறுப்பு.

அந்த வருஷம் ஜட்காக்கள் பெருகிவிட்டன. ரயிலடியில் தினமும் சண்டை. டவுன்ஷிப் ஆபீசில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லாக் குதிரைகளையும் கால்நடை டாக்டர் பார்ப்பார். நல்ல குதிரைக்கு நம்பர் போட்ட பித்தளை வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாத வண்டி ரயிலடியிலும் நிற்கக் கூடாது, பிளாக்குகளுக்குள்ளும் வரக் கூடாது. கால் தாங்கி நடக்கிற குதிரைக்கு வில்லை கிடையவே கிடையாது. அன்று தவறினால் மறு பரிசோதனையும் இல்லை. சவரிமுத்து அண்ணனுக்கு அந்த வண்டியை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. டாக்டர் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஆரோக்கியம் அக்கா சொன்னார்.

பரிசோதனைக்கு முதல் நாள் காலை. வண்டியில் வந்துகொண்டிருக்கிறேன். ரோசாவின் காலடியில் ‘கிளிங்’ என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தால், இடது முன்னங்காலில் ஒரு லாட ஆணி தளர்ந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“பண்ருட்டி லாடக்காரரு அடிச்சது. நேரம் பாத்துப் போயி காட்டணும்” என்றார் அண்ணன்.

“நாளைக்கு டாக்டர் பாக்கறப்ப இப்படி ஆடிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டு நிமிஷ வேலைண்ணே, விடுங்க” என்றேன்.

வண்டிப் பெட்டியில் அவரிடம் லாட ஆணிகள் இருந்தன. என்னிடம் சுத்தியல் இருந்தது. என்னிடம் இல்லாதது அறிவு ஒன்றுதான். பழைய ஆணியை உருவிப் போட்டுவிட்டுப் புதிய ஆணியை அடித்தேன். கிளிங் சத்தம் நின்றது. அதோடு விட்டேனா? இன்னும் இரண்டு தட்டு. மற்ற ஆணிகளின் நுனி குளம்பின் மேல் ஒரே வரிசையில் வெளியே வந்து மடங்கியிருக்க, என் ஆணியின் நுனி மட்டும் அதைவிட ஒரு விரற்கடை உயரத்தில் வந்தது. நன்றாக ஆழமாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அதையும் மடக்கிவிட்டேன். ரோசா காதை ஒருமுறை பின்னால் மடக்கிவிட்டு நடந்தது. ஊரையே நிமிர்த்திவிட்ட மிதப்பில் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை, நைட் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறோம். வண்டி நின்றிருக்கிறது. பக்கத்தில் சவரிமுத்து அண்ணன் நிற்கிற நிலையே சரியில்லை.

“தம்பி, ரோசா தலைய ஆட்டிகினு வராளே. இப்பத்தான் கப்பி ரோட்டுல பாத்தேன். மண்ணுல தெரியல. சாயங்காலம் மூணு மணிக்கு டாக்டரு வராரு, நான் என்னா பண்ணுவேன்?”

நடக்கவிட்டுப் பார்த்தோம். பெரிய நொண்டல் இல்லை. தெரியாதவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு கால் ஊன்றும்போது மட்டும் தலை லேசாக மேலே போய் வந்தது.

மாடசாமிக்குத் தூக்கம் கலைந்தது. “இது குதிரையில்லவே, சக்கரம். அச்சு இறுகிக் கெடக்கு. ஒரு பக்கமா இழுத்தா அது தலைய ஆட்டாம என்ன செய்யும்?” என்றான்.

நானும் அதையேதான் சொன்னேன். இரண்டு பிட்டர்கள் சேர்ந்தால் கோளாறு இரும்பில்தான் இருந்தாக வேண்டும். சவரிமுத்து அண்ணனுக்கும் அது சக்கரமாகவே இருந்துவிட வேண்டும் என்ற ஆசை, தடுக்கவில்லை. வண்டியைத் தோப்பு ஓரத்து வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு சக்கரத்தையும் கழற்றி, அச்சைத் துடைத்து, புது கிரீஸ் வைத்து, கடையாணி மாட்டினோம். முழுசாக இரண்டு மணி நேரம். அப்படி ஒரு வேலையை எங்கள் போர்மேன் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் நிற்கவே இல்லை. ரோசாவைப் பூட்டி நடத்தினோம். சக்கரத்திலிருந்து சத்தமே வரவில்லை. அதனால் மெலிந்து விழுந்த அந்த ஓர் அடி முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

சவரிமுத்து அண்ணன் முகம் செத்துப்போனது. முந்தாநாள் ஒரு ஆபீசர் வீட்டு இரும்பு பீரோவை இழுத்ததில் தோள்பட்டை பிசகியிருக்கும் என்று ஆமணக்கு இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கக் கிளம்பினார். அப்போதுதான் ஆரோக்கியம் அக்கா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தார்.

“தோளு தோளுன்னு எதுக்கு அதையே புடிச்சிகினு நிக்கிறீங்க? விடியக்காலத்துல நான் தண்ணி வெக்கப் போனேன். எடது கால முன்னால நீட்டி வெச்சிகினு நின்னா. பாதத்துல நோவு இருந்தாத்தான் அப்புடி நிப்பா. அப்பவே சொன்னேன். யாரு காதுல வாங்குனீங்க? சக்கரத்தக் கழட்டி வூட்டு வாசல்ல கடை பரப்பிகினு இருக்கீங்க.”

இடது கால் என்றதும் எனக்கு நேற்று அடித்த ஆணி ஞாபகம் வந்தது. குனிந்து, உருளை பார்க்கிற பழக்கத்தில், குளம்புகளைப் புறங்கையால் தொட்டேன். பின்னங்கால் இரண்டும் குளிர்ச்சி. வலது முன்னங்கால் குளிர்ச்சி. இடது முன்னங்கால் வெதுவெதுவென்று இருந்தது. மறுபடி வலது, மறுபடி இடது. சந்தேகமே இல்லை. குளம்புக்கு மேலே விரலை வைத்தால் நாடி திம்திம்மென்று அடித்தது.

சுத்தியலை எடுத்து லாட ஆணிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினேன். அக்கா காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், நோகிற காலை வேறு யார் தூக்கினாலும் ரோசா கடிக்கும். முதல் ஆணி, ரோசா பேசாமல் இருந்தது. இரண்டு, மூன்று, பேசாமல் இருந்தது. பளபளவென்று இருந்த புது ஆணியைத் தொட்டேனோ இல்லையோ, காலை வெடுக்கென்று உதறி இழுத்துக்கொண்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம், பண்ருட்டி லாடக்காரர் தலையில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவர் பத்து மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தார், நல்ல வசதி. ரோசா திரும்பி என்னைப் பார்த்தது. அதற்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தது.

“அண்ணே, இது நான் அடிச்ச ஆணி. நேத்து. ஒட்டி அடிச்சிட்டேன். உள்ள சதைய அழுத்துது” என்றேன்.

சவரிமுத்து அண்ணன் ரோசாவின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காதான் பேசினார். “லொடலொடன்னு இருக்கறது மட்டுந்தான் ஒங்களுக்குக் கோளாறு. இறுக்கிப் புடிச்சாலும் கோளாறுதான் தம்பி. இது பெல்ட்டு இல்லீங்க, ரத்தம் ஓடற காலு.” பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோசாவின் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்தார். “அடிச்ச கையாலயே எடுங்க. நான் புடிச்சிகிறேன். அவ என்ன ஒதைக்க மாட்டா. ஒங்கள ஒதைச்சா நான் பொறுப்பில்ல.”

என் வேலைக் காலத்தில் எத்தனையோ பெரிய சாமான்களைக் கழற்றியிருக்கிறேன். அந்தச் சின்ன ஆணியைக் கழற்றியதைப் போல வியர்த்ததில்லை. மடங்கிய நுனியை நிமிர்த்தி, குறட்டால் தலையைப் பிடித்து, இப்படி அப்படித் திருகாமல், போன வழியே நேராக இழுத்தேன். மயிர் இழை மயிர் இழையாக வந்தது. வெளியே வந்ததும் ரோசா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். சவரிமுத்து அண்ணன் ஆணியைப் பிடுங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். ரத்தம் இல்லை, சீழ் இல்லை, கெட்ட நாற்றம் இல்லை. “அழுத்தினதோட சரி. உள்ள குத்தல” என்றார். காலையிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

வெந்நீரில் கல் உப்பைக் கரைத்து, பழைய கிரீஸ் டின்னைத் தேய்த்துக் கழுவி, அதில் ரோசாவின் காலை ஊறவைத்தோம். காலை எடுக்காமல் இருக்க அக்கா அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே ஊர்க்கதையெல்லாம் சொன்னார். மாடசாமி ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்துப்போய், தனக்கு விரலில் காயம் என்று சொல்லி டிஞ்சரும் பஞ்சும் வாங்கி வந்தான். எந்த விரல் என்று கேட்டதற்குப் பத்து விரலையும் காட்டினானாம். ஆணி இருந்த ஓட்டையில் டிஞ்சர் விட்டுப் பஞ்சை அடைத்தோம். பிறகு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு அண்ணன் ரோசாவைக் கப்பி ரோட்டுக்கு நடத்திப் போனார். லாரிகளுக்காகப் போட்ட கெட்டியான ரோடு, எந்தக் குறையையும் மறைக்காது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார், ரோசா கூடவே ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டக், டக், டக், டக். அடி ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழுந்தது. திரும்பி வந்தபோதும் அப்படியே. மாடசாமி என் முதுகில் வைத்த அறை இரண்டு நாள் வலித்தது. “கேட்டியாவே! கேட்டியாவே!” என்று நடு ரோட்டில் குதித்தான்.

மூன்று மணி. ஆபீஸ் முன்னால் ஜட்காக்கள் வரிசை. டாக்டர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், முகத்தில் சிரிப்பே இல்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு குதிரைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ரோசாவைத் தார் ரோட்டில் ஓடவிட்டுப் பார்த்தார். மறுபடி ஓடச் சொன்னார். அப்புறம் காலைத் தூக்கி லாடத்தைப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

“இங்க ஒரு ஆணி எங்க?”

சவரிமுத்து அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் போனேன். சுற்றிலும் எங்கள் ஷிப்டு ஆட்கள் வேறு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“எடுத்தாச்சுங்க. ஒட்டி அடிச்சிருந்துது.”

“எடுத்தது யாரு?”

“நான்தாங்க.”

“நல்லா எடுத்திருக்கே. அடிச்ச மடையன் யாரு?”

“அதுவும் நான்தாங்க.”

ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும் அந்தச் சிரிப்பு. டாக்டர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரோசாவை மூன்றாம் முறையும் ஓடவிட்டார், வளைத்துத் திருப்பிப் பார்த்தார், குளம்பைத் தொட்டார். பிறகு சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ரெண்டு நாள் சவாரி ஏத்தாதே. அப்புறம் லாடக்காரரை விட்டு ஆணி அடிச்சிக்கோ. இந்தத் தம்பியைக் கிட்டவே சேர்க்காதே.” சொல்லிக்கொண்டே பித்தளை வில்லையை எடுத்து நீட்டினார். பதினோராம் நம்பர்.

சவாரி ஏற்றக் கூடாது என்பதால் நாங்கள் யாரும் வண்டியில் ஏறவில்லை. காலி வண்டி முன்னால் போக, கழுத்தில் வில்லையோடு ரோசா நிமிர்ந்து நடக்க, சவரிமுத்து அண்ணன் ஒரு பக்கம், ஆரோக்கியம் அக்கா ஒரு பக்கம், நாங்கள் இருவரும் பின்னால், பிளாக் பிளாக்காக நடந்தே போனோம். எதிரே வந்த ஜட்காக்காரர்களெல்லாம் “ஆணி தம்பி வராரு, குதிரையப் புடி!” என்று கூவினார்கள். ஒரு ஷிப்டு நேரத் தூக்கம் பாக்கி. இருந்தாலும் சொல்கிறேன், என் சொந்தக் கல்யாண ஊர்வலத்தில்கூட நான் அவ்வளவு நெஞ்சு நிமிர்த்தி நடக்கவில்லை. போன மாதச் சாரட்டெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

மறுநாள் போனபோது அவர்கள் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே வில்லை தொங்கியது. உற்றுப் பார்த்தால், அது மாட்டியிருந்தது என் ஆணியில். அக்கா அதைக் கல்லில் வைத்து நிமிர்த்தித் தானே அடித்திருந்தார்.

அதற்குப் பிறகு ரோசா வருஷக்கணக்கில் ஓடியது. டவுன் பஸ் வந்தது. ஜட்காக்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரோசாவும் வயசாகி, ஒரு மழைக்காலத்தில், தோப்பிலேயே படுத்து எழுந்திருக்காமல் போய்ச் சேர்ந்தது. பிறகு மைன்ஸ் அந்தப் பக்கமாக விரிந்தது. தோப்பும் வீடுகளும் எடுக்கப்பட்டன. அவர்கள் கிளம்பிய அன்று நான் போயிருந்தேன். கூரையைப் பிரித்துவிட்டிருந்தார்கள், சுவர் மட்டும் நின்றது. அக்கா கையில் மாதா படமும் வில்லையும் இருந்தன.

“ஆணிய எடுக்கலியாக்கா?” என்றேன்.

“இழுத்து இழுத்துப் பாத்தேன், வரல தம்பி. சரியான எடம் பாத்து அடிச்ச ஆணி, எப்புடி வரும்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்கள் திருவதிகைக்குப் போய்விட்டார்கள்.

நீங்கள் இன்று போய்த் தேடினால் அந்த வீடு நின்ற இடம், தோப்பு, ரோசா நாலு காலும் ஊன்றி ஓடிய அந்தக் கப்பி ரோடு, எதுவும் இருக்காது. அங்கே பள்ளம்தான் இருக்கிறது, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அந்த மண் முழுவதும் எங்கள் பெல்ட் மேல்தான் போனது. ரோடும் போயிருக்கும், மண் சுவரும் போயிருக்கும், அதிலிருந்த ஆணியும் போயிருக்கும். எந்த ஷிப்டில் என்று தெரியாது, என் ஷிப்டாகவும் இருக்கலாம். நான் வழக்கம்போல ஓரமாக நடந்து, ஒவ்வொரு சட்டத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்து, எதுவும் சூடாகவில்லை, எல்லாம் நன்றாகவே ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.